சவலைப் பிள்ளைகளைக் காத்த டாக்டர் அம்மாள்

தாய்க்கு அடுத்த குழந்தை உண்டாகிவிட்டால், மடியில் இருக்கும் குழந்தைக்குப் பால் குறையும். சில வீடுகளில் பாலை அடியோடு நிறுத்திவிடுவார்கள். அந்தக் குழந்தை மெலியும். ஓயாமல் சிணுங்கும். எதிலும் நாட்டம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அதைச் சவலைப் பிள்ளை என்று நம் ஊரில் சொல்வார்கள்.

ஆப்பிரிக்காவில் கானா என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் தலைநகரம் அக்ரா. அங்கே 'கா' என்ற மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மொழியிலும் இப்படி ஒரு சொல் உண்டு. குவாஷியோர்கர் என்பது அந்தச் சொல். அடுத்த குழந்தை வந்ததால் தன் இடத்தை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

இன்று உலகம் முழுவதும் மருத்துவக் கல்லூரிகளில் அந்தச் சொல்லைப் படிக்கிறார்கள். ஆப்பிரிக்கத் தாய்மார்களின் பேச்சிலிருந்த சொல்லை மருத்துவ நூல்களில் ஏற்றியவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ்.

குழந்தைக்குப் பாலை எப்போது, எப்படிக் குறைப்பது? சோற்றை எப்போது, எப்படித் தொடங்குவது? வீட்டுக்கு வீடு எழும் இந்தக் கேள்வியில் எத்தனை உயிர்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை உலகத்துக்குக் காட்டியவர் அவர்.

தீவில் பிறந்த பெண்

அமெரிக்கக் கண்டத்தின் அருகில் ஜமைக்கா என்ற தீவு இருக்கிறது. அப்போது அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அங்கே 1893-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி சிசிலி பிறந்தார். தந்தை அத்தீவின் கல்வி இலாகாவில் பெரிய அதிகாரி.

படிப்புக்காகச் சிசிலியை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 19 வயதில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் இடம் கிடைத்தது. ஆனால் பெற்றோருக்கு உதவி தேவைப்பட்டது. கிடைத்த இடத்தை விட்டுவிட்டு ஜமைக்காவுக்குத் திரும்பினார். 1916-ல் தந்தை காலமானார். அதன் பிறகே மீண்டும் ஆக்ஸ்போர்டுக்குப் போனார்.

அது முதல் உலக யுத்த காலம். இளைஞர்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். வைத்திய வகுப்புகளில் இடம் காலியாக இருந்தது. அதனால் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்படிச் சேர்ந்தவர்களில் சிசிலியும் ஒருவர். 1923-ல் அவர் டாக்டர் ஆனார்.

பிறகு லண்டன் நகரில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே ஒரு விஷயம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. நோயை மட்டும் பார்த்தால் போதாது. குழந்தை எந்த வீட்டில் வளர்கிறது, என்ன சாப்பிடுகிறது, தாய் எப்படி இருக்கிறாள் என்பதையும் பார்க்கவேண்டும். இல்லையென்றால் குணமாகிப் போன குழந்தை மறுபடியும் அதே நோயோடு வந்து நிற்கும்.

வெளிநாடுகளில் வேலை செய்யவேண்டும் என்பது அவர் ஆசை. பிரிட்டிஷ் சர்க்காரிடம் மனுப் போட்டுக் காத்திருந்தார். கடைசியில் 1929-ல் வேலை கிடைத்தது. டாக்டர் என்று மட்டும் சொல்லாமல் 'பெண் டாக்டர்' என்ற தனிப் பதவியில் நியமித்தார்கள். அதே வேலையைச் செய்யும் ஆண் டாக்டரைவிடச் சம்பளம் குறைவு. சிசிலி அதைப் பொருட்படுத்தாமல் கப்பல் ஏறினார்.

அக்ராவில் கண்ட நோய்

இன்றைய கானாவுக்கு அப்போது கோல்டு கோஸ்ட் என்று பெயர். தங்கக் கடற்கரை என்று பொருள். பெயரில்தான் தங்கம் இருந்தது. குழந்தைகளின் நிலை மிகவும் பரிதாபமாக இருந்தது.

சிசிலியிடம் வந்த குழந்தைகள் பலருக்கு ஒரே மாதிரியான நோய் இருந்தது. கால்களும் கைகளும் வீங்கியிருக்கும். வயிறு உப்பியிருக்கும். தோல் கறுத்து, வறண்டு, உரிந்துபோகும். கறுத்த தலைமயிர் செம்பட்டையாக மாறிவிடும். குழந்தை சிரிக்காது, விளையாடாது. யாராவது தொட்டால் அழும்.

வீக்கத்தினால் குழந்தை கொழுகொழுவென்று இருப்பதுபோல் தோன்றும். உள்ளே சதை கரைந்துபோயிருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தை இறந்துவிடும்.

இந்தக் குழந்தைகளுக்கு வயது ஒன்றிலிருந்து நான்குக்குள் இருந்தது. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த வரையில் நன்றாகத்தான் இருந்தன. தாய்க்கு அடுத்த குழந்தை வந்ததும் பாலை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு மக்காச்சோள மாவில் செய்த கூழே ஆகாரம். காலையிலும் கூழ், மாலையிலும் கூழ். பால் இல்லை. முட்டை, மீன், பருப்பு எதுவும் குழந்தையின் வாய்க்கு எட்டவில்லை.

தாய்மார்கள் வேண்டுமென்று இப்படிச் செய்யவில்லை. வயிறு நிறைந்தால் போதும் என்று நினைத்தார்கள். குழந்தையின் வயிறு நிறைந்துதான் இருந்தது. உடம்பு வளர்வதற்கு வேண்டிய சத்து அந்தக் கூழில் இல்லை.

பெயர் கிடைத்தது

மற்ற டாக்டர்கள் இதைப் பெல்லாக்ரா என்று சொன்னார்கள். அதுவும் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்பவர்களுக்கு வரும் நோய்தான். சிசிலி அதை ஏற்கவில்லை. பெல்லாக்ராவில் வெயில் படும் இடங்களில் தோல் கெடும். இந்தக் குழந்தைகளுக்குத் தோல் கெட்ட இடங்கள் வேறு. வீக்கமும் வேறு விதம். இது தனி நோய் என்பது அவர் முடிவு.

வெறும் வாதத்தோடு அவர் நிற்கவில்லை. இறந்த குழந்தைகளின் உடலைச் சோதித்துப் பார்த்தார். அப்படி ஒரு சமயம் சோதனை செய்தபோது அவருக்கே விஷக்கிருமி தொற்றிவிட்டது. அந்தக் காலத்தில் பென்சிலின் மருந்து புழக்கத்துக்கு வரவில்லை. சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார்.

1933-ம் ஆண்டு தாம் கண்டதை எழுதி இங்கிலாந்தில் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். பெல்லாக்ராவில் பெயர் பெற்ற ஒரு நிபுணர் அதை மறுத்து எழுதினார். சிசிலி பின்வாங்கவில்லை. 1935-ல் லான்செட் என்ற புகழ் பெற்ற பத்திரிகையில் மீண்டும் எழுதினார். அங்குள்ள பெண்கள் சொல்லிவந்த குவாஷியோர்கர் என்ற பெயரையே நோய்க்குச் சூட்டினார்.

டாக்டர்கள் லத்தீன் மொழியில் பெயர் வைப்பது வழக்கம். இவர் ஏன் ஊர்ப் பெண்களின் சொல்லை எடுத்தார்? நோயின் காரணமே அந்தச் சொல்லில் இருந்ததுதான் காரணம். பெரிய நிபுணர்கள் காணாததை அந்தப் பெண்கள் பல தலைமுறைகளாகக் கண்டு வைத்திருந்தார்கள். பால் போயிற்று; பாலுக்கு ஈடான ஆகாரம் வரவில்லை; அதனால் நோய் வந்தது.

நோயுற்ற குழந்தைகளுக்குச் சிசிலி கொடுத்த சிகிச்சையும் எளியது. டப்பாவில் வரும் கெட்டிப்பாலையும் மீன் எண்ணெயையும் கொடுத்தார். வேளையோடு வந்த குழந்தைகள் பிழைத்து எழுந்தன.

மலாயாவில் மறுபக்கம்

1936-ல் சிசிலிக்கு மலாயாவுக்கு மாற்றல் ஆயிற்று. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பல மக்களும் கலந்து வாழ்ந்த நாடு அது. சிங்கப்பூரில் வைத்தியக் கல்லூரி மாணவர்களுக்கும் பாடம் சொன்னார்.

அங்கே அவர் கண்ட காட்சி வேறு. ஆப்பிரிக்காவில் மருந்தாக இருந்த அதே டப்பாப் பால், இங்கே எமனாக இருந்தது.

அது எப்படி? ஆப்பிரிக்காவில் அந்தப் பாலைக் குடித்தவை தாய்ப்பால் நின்றுபோன பெரிய குழந்தைகள். ஆஸ்பத்திரியில் சுத்தமாகக் கலந்து கொடுத்தார்கள். சிங்கப்பூரிலோ பிறந்து சில நாட்களே ஆன சிசுக்களுக்கு, தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, இந்தப் பாலைப் புகட்டினார்கள்.

கம்பெனிகளின் விளம்பரமே இதற்குக் காரணம். நர்சுகள்போல் உடை உடுத்திய பெண்களை வீடு வீடாக அனுப்பினார்கள். பிள்ளை பெற்ற தாயிடம் அவர்கள் டப்பாப் பாலின் பெருமையைப் பேசினார்கள். தாயும் நம்பினாள். சில நாள் டப்பாப் பால் கொடுத்தால், குழந்தை மார்பில் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் தாய்க்குப் பால் வற்றும். பிறகு டப்பாவை விட்டால் வழியில்லை.

டப்பாப் பாலுக்குப் பணம் வேண்டும். பணம் இல்லாத வீட்டில் தண்ணீரை அதிகமாக ஊற்றிக் கலந்தார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. புட்டியும் சுத்தமில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அந்தப் பாலில் சர்க்கரைதான் அதிகம். கொழுப்பு எடுத்த பாலில் 'ஏ' வைட்டமினும் இல்லை. அது இல்லாத குழந்தைகளுக்குக் கண்பார்வை போயிற்று.

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசும்படி சிசிலியை அழைத்தார்கள். நகரத்தின் பெரிய மனிதர்களும் வியாபாரிகளும் கூடும் இடம் அது. அவர் தம் பேச்சுக்கு வைத்த தலைப்பு, பாலும் கொலையும் என்பது. தவறான பிரசாரத்தால் தாய்ப்பாலை நிறுத்தச் செய்து, அதனால் குழந்தைகள் இறந்தால், அதைக் கொலை என்றே கருதவேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

இந்த இரண்டு ஊர்களிலும் அவர் கண்டவை ஒன்றுக்கொன்று நேர் எதிர். சிங்கப்பூரில், பால் மட்டுமே வேண்டிய வயதில் தாய்ப்பாலைப் பறித்தார்கள். அக்ராவில், பாலோடு நல்ல ஆகாரமும் வேண்டிய வயதில் வெறும் கூழைக் கொடுத்தார்கள். இரண்டு ஊரிலும் குழந்தைதான் பலியாயிற்று.

சிறையில் பிறந்த குழந்தைகள்

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் புகுந்தார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. சிசிலியும் கைதியானார். சாங்கி சிறையில் ஆயிரக்கணக்கானவர்களோடு அவரையும் அடைத்தார்கள். பெண்கள் பகுதிக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

1943-ல் ஜப்பானிய ராணுவப் போலீசார் அவர்மீது சந்தேகப்பட்டார்கள். விசாரணைக்காகக் கொண்டுபோனார்கள். சில மாதங்கள் கூண்டு போன்ற சிறு அறையில், ஆண் கைதிகளோடு சேர்த்து அடைத்துவைத்தார்கள். பட்டினி போட்டார்கள். கூட இருந்தவர்கள் சாவதைக் கண்ணால் பார்த்தார். எந்த ரகசியமும் அவரிடம் இல்லை. பிறகு சிறை முகாமுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

1945-ல் யுத்தம் முடிந்தபோது அவர் சீதபேதியோடும் பெரிபெரி நோயோடும் படுத்த படுக்கையாக இருந்தார். சத்துக் குறைந்த ஆகாரம் உடம்பை என்ன செய்யும் என்பதை அவரே அனுபவித்துவிட்டார்.

சிறை வாழ்க்கையைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் ஒரு கணக்குச் சொன்னார். முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. இருபதுக்கும் தாய்ப்பால் கொடுத்தார்கள். இருபதும் பிழைத்தன. தாய்மார்களுக்கே வயிறார உணவு இல்லாத இடம் அது. மாளிகையில் பிறந்த குழந்தைக்கும் இதைவிட நல்ல கணக்கைக் காட்டமுடியாது.

உலகம் ஒப்புக்கொண்டது

1948-ல் உலக சுகாதார ஸ்தாபனம் தொடங்கியது. அதில் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராகச் சிசிலியை நியமித்தார்கள். பிறகு தென்கிழக்கு ஆசியப் பகுதியின் தாய் சேய் நலப் பணியையும் அவர் கவனித்தார். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை.

1950-ல் இரண்டு நிபுணர்கள் ஆப்பிரிக்காவின் பல நாடுகளைச் சுற்றிப் பார்த்தார்கள். 1952-ல் அவர்கள் அறிக்கை வெளிவந்தது. உலகத்தில் தெரிந்த சத்துக் குறைவு நோய்களில் மிகப் பரவலானதும் கொடியதும் குவாஷியோர்கரே என்று அது கூறியது. ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன் அக்ராவில் ஒரு பெண் டாக்டர் தனியாக நின்று சொன்னது உண்மையாயிற்று.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் உணவுச் சத்து ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. 1958-ல் அது ஐதராபாத்துக்கு மாறியது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதில் பணியாற்றியவர். தென்னிந்தியக் குழந்தைகளிடம் அவர் இந்த நோயை ஆராய்ந்தார்.

ஒரே மாதிரி ஆகாரம் சாப்பிடும் குழந்தைகளில் ஒன்று வீங்குகிறது; இன்னொன்று எலும்பும் தோலுமாக வற்றுகிறது. இதைக் கோபாலனும் அவருடன் வேலை செய்தவர்களும் எடுத்துக் காட்டினார்கள். விலை உயர்ந்த சத்து மாவு இல்லாததைவிட, சாதாரணச் சாப்பாடே போதிய அளவு கிடைக்காததுதான் நம் குழந்தைகளின் பெரிய குறை என்றார்கள். வீக்கம் ஏன் ஒரு குழந்தைக்கு வருகிறது, இன்னொன்றுக்கு வருவதில்லை என்ற ஆராய்ச்சி இன்றும் நடந்துவருகிறது.

சிசிலி அம்மையார் முதுமையிலும் ஓயவில்லை. லண்டனிலும் பெய்ரூட் நகரிலும் பாடம் சொன்னார். நாடு நாடாகச் சென்று பேசினார். 1981-ல் உலக சுகாதார சபை ஒரு விதித்தொகுப்பை ஏற்றது. தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் பாலுக்கு விளம்பரம் செய்வதை அது கட்டுப்படுத்தியது. ரோட்டரி சங்கப் பேச்சுக்கு 42 ஆண்டுகளுக்குப் பிறகு இது நடந்தது. அதைக் கண்ணால் பார்க்க அவர் உயிரோடு இருந்தார்.

1992-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி, 98-வது வயதில், ஆக்ஸ்போர்டில் அவர் காலமானார். இந்தியாவில் டப்பாப் பாலுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது.

தாய்மார்களுக்கு

பாலும் சோறும் எப்படி இருக்கவேண்டும்? இன்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் முறை இது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூடத் தனியாக வேண்டாம்.

ஆறு மாதம் முடிந்ததும் ஆகாரம் தொடங்கவேண்டும். பாலை நிறுத்தக்கூடாது. ஆகாரம் பாலோடு சேர்ந்து வருவது; பாலைத் துரத்துவதற்கு வருவதல்ல. முதலில் இரண்டு மூன்று கரண்டி போதும். நாளாக ஆக அளவைக் கூட்டலாம். ஆறிலிருந்து எட்டு மாதம் வரை நாளைக்கு 2 அல்லது 3 வேளை. ஒன்பதாம் மாதத்திலிருந்து 3 அல்லது 4 வேளை.

ஒரு வயது வரையில் குழந்தைக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் தாய்ப்பாலே கொடுக்கமுடியும். இரண்டாவது வயதிலும் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கும். ஆகையால் இரண்டு வயது வரையிலும், விரும்பினால் அதற்கு மேலும், பால் கொடுக்கலாம்.

கஞ்சி தண்ணீராக ஓடினால் வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்துவிடாமல் கெட்டியாக இருக்கட்டும். வெறும் சோறு, வெறும் கூழ் என்று இல்லாமல், வெந்த பருப்பு, கீரை, பழம், கொஞ்சம் எண்ணெய் அல்லது நெய் சேர்த்து மசித்துக் கொடுக்கவேண்டும். சாப்பிடும் வழக்கம் உள்ள வீட்டில் முட்டையும் முள் எடுத்த மீனும் மிக நல்லது. கையும் பாத்திரமும் சுத்தமாக இருக்கவேண்டும்.

குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் பாலையும் ஆகாரத்தையும் நிறுத்தவேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுத்து, டாக்டரிடம் காட்டவேண்டும்.

குழந்தையின் இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தால், விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். கொழுத்திருக்கிறது என்று நினைத்து இருந்துவிடக் கூடாது.

அடுத்த குழந்தை உண்டான வீட்டில் மூத்த குழந்தையை அதிகமாகக் கவனிக்கவேண்டும். பால் குறைந்தால் அந்த அளவுக்கு நல்ல ஆகாரம் கூடவேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அதைத் தனியாகத் தட்டின் முன்னால் விட்டுவிடாமல், தகப்பனாரோ பாட்டியோ பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினால் தாய்க்கும் உதவியாக இருக்கும்.

வீட்டுக்குப் புதுக் குழந்தை வருவது சந்தோஷம். அதனால் முந்திய குழந்தை தன் இடத்தை இழந்துவிடக் கூடாது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் தம் நீண்ட வாழ்நாளெல்லாம் பாடுபட்டது அந்த ஒரு குழந்தைக்காகத்தான்.